ஐந்து ஸ்பீக்கரும் காராசேவும்

ஜூன் 2, செவ்வாய்

நேற்று ஹைதராபாத்திலிருந்து வேலை உத்தரவு மெயிலில் வந்தது. விதை ஆராய்ச்சி நிறுவனம். ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். வருகிறேனா இல்லையா என்று இந்த மாதம் இருபதுக்குள் பதில் போட வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

இன்று காலை அண்ணன் இட்லி தின்றுகொண்டே, "சுத்தி அஞ்சு பக்கமும் சத்தம் கேக்குத மாதிரி ஒரு ஸ்பீக்கர் செட்டு வேணும் எனக்கு. நீயே பாத்து எடுத்துக் குடு" என்றான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடுத்தடுத்த நாளில் நடந்ததால் அடுத்தடுத்து எழுதுகிறேன், அவ்வளவுதான்.

புது நோட்டு என்பதால் ஆட்களை ஒருமுறை எழுதி வைக்கிறேன். நான் செண்பகவல்லி, வீட்டில் செம்பா, வயது இருபத்து நாலு. அம்மா ஆவுடையம்மாளுக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அண்ணன் சங்கரபாண்டி வங்கியில் அதிகாரி. பிறந்ததிலிருந்தே கண் தெரியாது, வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. பாளையங்கோட்டையில் மூன்றாவது மாடியில் வாடகை வீடு.

தினமும் சாயங்காலம் அண்ணன் வந்ததும் நாங்கள் கம்ப்யூட்டரில் கோட்டை விளையாட்டு ஆடுவோம். இருட்டுக் கோட்டைக்குள் நாலா பக்கமிருந்தும் காவலாளிகள் வருவார்கள். காலடிச் சத்தத்தை வைத்து அந்தப் பக்கம் திரும்பி வாளை வீச வேண்டும். கன்ட்ரோலர் அவன் கையில். நான் பின்னால் திவானில் உட்கார்ந்து மானிட்டரைப் பார்த்து, "இடது! பின்னால! வலது!" என்று கத்துவேன். ஆறு வருடமாக இப்படித்தான். கத்தாத நேரத்தில் காராசேவு தின்பேன். "ஏட்டி, நீ நொறுக்குத நொறுக்குல காவலாளி வாரதே கேக்க மாட்டேங்கு" என்று தினம் ஒரு தடவையாவது திட்டிவிடுவான்.

இப்போது என்னவென்றால், ஜூலை ஐந்து, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கண் தெரியாதவர்களுக்கென்று இணையத்தில் ஒரு போட்டி வைக்கிறார்கள். அண்ணன் பேர் கொடுத்துவிட்டான். ஆடுகிறவன் அறையில் வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அதற்காகத்தான் ஸ்பீக்கராம்.

மெயிலுக்கு நாளை பதில் போட வேண்டும்.

ஜூன் 4, வியாழன்

எதற்கு ஸ்பீக்கர், நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினால் போதுமே என்று இன்று சொல்லிப் பார்த்தேன். சுற்றிலும் சத்தம் வருவதுபோல் காட்டுகிற ஹெட்போன்கள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. சுவரில் ஆணி வேண்டாம், ஒயர் வேண்டாம், பக்கத்து வீட்டுச் சண்டை வேண்டாம்.

"ரெண்டு காதயும் மூடிக்கிட்டா அம்மா கூப்பிட்டா யாரு கேக்க?" என்றான்.

அதுவும் சரிதான். போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது முதலில் ஓடியது அவன்தான். அவன் எப்போதும் ஹெட்போனின் இடது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் மாட்டிக்கொள்வான். ஏன் என்று கேட்டால் காது வேர்க்கிறதாம். பாதிச் சத்தத்திலேயே ஆறு வருடம் ஆடியிருக்கிறான், கிறுக்கன்.

இன்று மெயிலைத் திறந்து படித்தேன். பதில் போடவில்லை. ஸ்பீக்கர் விஷயம் முடியட்டும், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தால் இரண்டும் கெட்டுவிடும்.

ஜூன் 6, சனி

பக்கத்து வண்ணாரப்பேட்டையில் மைதீன் அண்ணன் ஸ்பீக்கர் கடைக்கு நானும் அண்ணனும் போனோம். அண்ணன் கடைக்குள் நுழைந்து கையை ஒருமுறை தட்டிவிட்டு, "கட நீளமா இருக்கு, பின்னால அட்டப் பெட்டியா அடுக்கி வெச்சிருக்கீயளோ?" என்றான். மைதீன் அண்ணன் அசந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தார்.

"அப்பார்ட்மெண்டா? அப்ப இத எடுத்துக்கோங்க தங்கச்சி" என்று நீளமாக ஒற்றைப் பட்டை ஸ்பீக்கர் ஒன்றைக் காட்டினார். டிவிக்குக் கீழே வைத்தால் போதும், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி நாலா பக்கமும் கேட்குமாம். வீட்டில் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறேன் என்றார். நல்ல மனுசன்.

ஜூன் 7, ஞாயிறு

பட்டை ஸ்பீக்கர் தோல்வி. சத்தம் சுவரில் பட்டுத் திரும்ப வேண்டுமானால் சுவர் இருக்க வேண்டும். எங்கள் ஹாலில் மானிட்டரைப் பார்த்து நின்றால் இடது பக்கம் முழுக்கப் பால்கனி. இடது பக்கக் காவலாளிகள் எல்லாரும் பால்கனி வழியாக வெளியே போய்விட்டார்கள்.

"அவம்லாம் இந்நேரம் பஸ் ஏறிருப்பான்" என்றான் அண்ணன்.

நான் பழையபடி கத்தி ஆடவைத்தேன். எட்டாம் கட்டம் வரை போனோம். சந்தோஷமான சாயங்காலம். மழைச் சாரல் வேறு.

ஜூன் 9, செவ்வாய்

பட்டையைக் கொடுத்துவிட்டு ஐந்து குட்டி ஸ்பீக்கரும் அதிர்கிற அடிச்சத்தத்துக்கு ஒரு பெரிய பேஸ் பெட்டியும் கொண்டுவந்தாயிற்று. வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார். அதனால் நடு ஸ்பீக்கர் மானிட்டருக்குக் கீழே. முன்பக்கம் இரண்டும் மேசையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் ஸ்டூலில். பின்பக்கம் ஒன்று துணி மடிக்கிற மேசையில், இன்னொன்று அரிசி டிரம்மின் மேல். அம்மா அதைத் தூக்கிக்கொண்டு அரிசி எடுக்கும்போதெல்லாம் பின்வலது காவலாளி அடுக்களை வரை போய்த் திரும்புவான்.

அண்ணன் வருவதற்கு முன்னால் அவன் நாற்காலியில் நானே உட்கார்ந்து சரிபார்த்தேன். முன், பின், இடது, வலது எல்லாம் கச்சிதம்.

ஜூன் 10, புதன்

கீழ் வீட்டு ஜெயசீலன் சார் வந்தார். அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ரொம்ப வருத்தமாகப் பேசினார்.

"ஒண்ணுமில்ல பாப்பா, நேத்து சாயங்காலம் மீன் தொட்டில தண்ணி அலையடிக்கு. மீனு ரெண்டும் மூலையில போய் ஒட்டிக்கிட்டு. சாப்பிடவே இல்ல."

பேஸ் பெட்டியின் ஒயரை உடனே பிடுங்கிவிட்டேன். காலடிச் சத்தத்துக்கு அது தேவையும் இல்லை, குண்டு வெடிப்பதற்குத்தான் அது. அம்மா அதன்மேல் துண்டு விரித்து மணி பிளாண்ட் வைத்துவிட்டாள். மைதீன் அண்ணனுக்குத் தெரிந்தால் அழுவார்.

ஜூன் 11, வியாழன்

அண்ணன் தனியாக ஆடினான். இரண்டாம் கட்டத்திலேயே செத்தான்.

ஜூன் 13, சனி

புரியாத விஷயமாக இருக்கிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாம் சரி. அண்ணன் உட்கார்ந்தால் எல்லாம் தப்பு.

"முன்னால வாரவன் எனக்கு வலது காதுல வாரான். பின்னால வாரவன் இடது காதுல. நீ ஒயர மாத்திச் சொருகிட்ட."

ஒயரைப் பிடுங்கித் திருப்பிச் சொருகினேன். எனக்கும் தப்பாகிவிட்டது. மறுபடி பழையபடி சொருகினேன். எனக்குச் சரி, அவனுக்குத் தப்பு. மைதீன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "செட்டுல கோளாறு இருக்கும், திங்கக்கிழம மாத்தித் தாரேன் தங்கச்சி" என்றார். ஸ்பீக்கர் செட் என்றால் இப்படிச் சில தொல்லைகள் இருக்கத்தான் செய்யும். போட்டிக்குள் சரியாகாவிட்டால் என்ன, இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம். நான் இங்கே இருந்தால் தினம் கூட உட்கார்ந்து பயிற்சி கொடுக்கலாம்.

சாயங்காலம் நான் கத்த, அவன் ஆட, ஒன்பதாம் கட்டம். இதுவரை எட்டுக்கு மேல் போனதில்லை!

ஜூன் 16, செவ்வாய்

மாற்றிக் கொடுத்த புது செட்டிலும் அதே கோளாறு. அண்ணன் மூன்று தடவை செத்தான். அவனுக்குக் கோபம் வந்து கன்ட்ரோலரைத் திவானில் எறிந்தான். அது என் மடியில் விழுந்தது.

"விடுண்ணே, இது ஒனக்குச் சரிப்படாது" என்றேன்.

"சரிப்படும்" என்றான்.

"எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனான். நான் ஸ்பீக்கரை எல்லாம் துடைத்து வைத்தேன். சாரல் விட்டுவிட்டது, வெயில் கொளுத்துகிறது. இருபதாம் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.

ஜூன் 17, புதன்

அம்மா கண்டுபிடித்தாள்.

சாயங்காலம் அண்ணன் ஆட உட்கார்ந்தான், நான் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா அரிசி எடுக்க வந்தவள் பின்வலது ஸ்பீக்கரைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஏட்டி, ஸ்பீக்கர்லாம் அந்தப் பக்கம் பாத்து நிக்கி. இவன் இந்தப் பக்கம் பாத்துல்லா உக்காந்திருக்கான்?"

பார்த்தேன். அண்ணன் மானிட்டரைப் பார்த்து உட்காரவில்லை. நாற்காலியை இடது பக்கம் முழுக்கத் திருப்பிப் பால்கனியைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மானிட்டர் அவனுக்கு வலது பக்கம் இருந்தது. முன்னால் வருகிற காவலாளி வலது காதில் வராமல் வேறு எங்கே வருவான்?

ஆறு வருடமாக அவன் இப்படித்தான் உட்காருகிறான். ஹெட்போன் தலையோடு சேர்ந்து திரும்பும் என்பதால் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்பீக்கர் வைத்த இடத்திலேயே நிற்கும். மானிட்டர் எங்கே இருந்தால் அவனுக்கு என்ன? அவனுக்கு முன்பக்கம் என்றால் நாற்காலியின் முன்பக்கம். எனக்கு முன்பக்கம் என்றால் மானிட்டர். வீட்டில் கண் உள்ளவள் என்று பேர் எடுத்த நான், ஒரு வாரமாக ஒயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேனே தவிர அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கீழே மீனெல்லாம் மறுபடி மூலைக்குப் போயிருக்கும்.

"ஏண்ணே இப்படிக் கோணலா உக்காருத?" என்று கேட்டேன். அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"நீ திவான்ல உக்காருதல்லா, அந்தப் பக்கம் காத வெச்சுக்கிட்டு உக்காருதான். அந்தக் காதுல அவன் எப்ப ஹெட்போன் போட்டிருக்கான்? நீ கத்துதது கேக்கணுமே."

"காது வேர்க்கும்மா" என்றான் அண்ணன்.

அம்மா அரிசியை அளந்துகொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 18, வியாழன்

வெண்டைக்காய் அரைக் கிலோ. பல்லாரி வெங்காயம் ஒரு கிலோ. கேஸ் சிலிண்டர் வந்தது. வேறு எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 19, வெள்ளி

நேற்று அண்ணனை மானிட்டரைப் பார்த்து உட்காரச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் நாற்காலி தானாகத் திரும்பிவிட்டது. நானே பிடித்து நேராக்கினேன். மறுபடியும் திரும்பினான். "கழுத்து இழுக்கு செம்பா, பழகிட்டு" என்றான். அதனால் இன்று மதியம் அவனைத் திருப்புவதை விட்டுவிட்டு வீட்டைத் திருப்பினேன். நடு ஸ்பீக்கர் பால்கனிக் கதவோரம். அரிசி டிரம் பழைய பேப்பர் அடுக்குக்குப் பக்கத்தில். மானிட்டர் யாருக்கும் வேண்டாமல் தனியாக ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வாரவங்க இந்த ஹாலப் பாத்தா அப்படியே திரும்பிப் போயிருவாங்க" என்றாள்.

சாயங்காலம் அண்ணன் உட்கார்ந்தான். "நீ பேசப்படாது" என்றான். நான் திவானில் காராசேவோடு உட்கார்ந்தேன். பேசவில்லை.

ஒன்றாம் கட்டம், இரண்டு, மூன்று. அவன் திரும்புகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! காவலாளி மானிட்டரில் தெரிவதற்கு முன்னாலேயே வாள் அங்கே நிற்கிறது. நான் கத்தியிருந்தால் தாமதமாகத்தான் கத்தியிருப்பேன். ஏழு, எட்டு, ஒன்பது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தாண்டாத ஒன்பதை அவன் தனியாகத் தாண்டினான். பன்னிரண்டில்தான் செத்தான். அம்மா கை தட்டினாள். நானும் தட்டினேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். கை தட்டும்போது எனக்கு வயிறு எரிந்தது. பட்டை ஸ்பீக்கர் தோற்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒயர் தகராறு வந்தபோது இன்னும் சந்தோஷம். நான் இல்லாவிட்டால் அவனால் முடியாது என்று இந்த ஸ்பீக்கர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாக ஆசைப்பட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னால் நான் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஹைதராபாத் என்றால் பயமாக இருக்கிறது. அதை அண்ணன்மேல் பாரமாக ஏற்றி வைத்திருந்தேன்.

கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் கேட்டான், "மெயில் அனுப்பிட்டியா?"

"எந்த மெயில்?"

"நடிக்காத. நாளைக்குத்தான் கடசி நாளு. நீ போணும்னுதானட்டி இந்த ஸ்பீக்கர் கூத்தே. நான் நாலு வாட்டி சாவ சாவ நீ சிரிச்ச முகமா இருந்தியே, கொரல்லயே தெரிஞ்சுது எனக்கு."

நான் அழுதேன். அவன் என் கையிலிருந்த காராசேவுப் பொட்டலத்தைப் பிடுங்கிக் கொண்டான். ஏழு மணிக்கு, வருகிறேன் என்று பதில் போட்டேன். அவனே கூட உட்கார்ந்து, கம்ப்யூட்டரையே சத்தமாக இரண்டு தடவை வாசிக்கவைத்து, ஒரு எழுத்துப் பிழையும் கண்டுபிடித்தான்.

ஜூன் 29, திங்கள்

மதுரை போய் வண்டி மாற வேண்டும். இரண்டு பெட்டி, ஒரு பை. அம்மா ஒரு கிலோ காராசேவைப் பொட்டலம் கட்டி எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டாள். அதற்காகத் துணியைக் குறைக்க வேண்டியதாகிவிட்டது.

காலேஜில் வைத்திருந்த என் பழைய புளூடூத் ஸ்பீக்கரைப் பையில் போட்டேன். கைப்பிடி அளவுதான் இருக்கும். அண்ணன் பையைத் தடவிப் பார்த்து அதை வெளியே எடுத்துவிட்டான்.

"இது இங்க இருக்கட்டும்."

"அஞ்சு ஸ்பீக்கர் பத்தாதா ஒனக்கு?"

"பத்தாது" என்றான். பேராசைக்காரன்.

ஜூலை 2, வியாழன்

விடுதி. மூன்று பேர் அறை. மற்ற இரண்டு பேரும் நல்லவர்கள், பேசுவதில் பாதி புரிகிறது. வேலையில் முதல் நாளே இருநூறு விதை எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன். காராசேவைப் பிரிக்கவில்லை, பிரித்தால் தீர்ந்துவிடும்.

ஜூலை 5, ஞாயிறு

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான்.

"நீ இப்ப எங்க இருக்க தெரியுமா?"

"ஹாஸ்டல்ல."

"இல்ல. திவான்ல, ஒன் தலகாணிக்கு மேல. போன ஒன் பழைய ஸ்பீக்கர்ல போட்டு அங்கனதான் வெச்சிருக்கேன். இடது பக்கம், சரியா நீ உக்காருத எடம். சும்மா லைன்ல இரு. பேசப்படாது, நடுவர் கேட்டுக்கிட்டு இருக்காரு."

சரி என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன். அறைத் தோழிகளையும் வாயில் விரல் வைத்து அடக்கினேன். அந்தப் பக்கம் விசிறிச் சத்தம், அம்மா பாத்திரம் நகர்த்தும் சத்தம், தெருவில் கீரைக்காரியின் குரல். எங்கள் வீடு முழுக்க என் காதில் இருந்தது.

"செம்பா, மைக்க அணச்சிட்டியா?"

திறந்தேன். "பேசப்படாதுன்னியேண்ணே!"

"பேசப்படாதுன்னுதான் விதி. திங்கப்படாதுன்னு எங்கயும் எழுதல, நான் ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டேன். அம்மா குடுத்தனுப்பின காராசேவ எடு."

"நான் நொறுக்குத சத்தத்துல காவலாளி வாரது கேக்காதும்ப?"

"அந்தச் சத்தம் இல்லாம அஞ்சாறு நாளா ஒண்ணாங் கட்டம்கூடத் தாண்டல செம்பா. எடு."

பொட்டலத்தைப் பிரித்தேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். நடுவர் ஆங்கிலத்தில், அது என்ன சத்தம் என்று கேட்டார். அண்ணன், அது எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கிற சத்தம், ஆட்டத்தில் தலையிடாது என்றான். நடுவர் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு அனுமதித்தார்.

முக்கால் மணி நேரம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மானிட்டர் இல்லை, திசை தெரியாது, யார் எங்கே வருகிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. வாள் வீசுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு காராசேவு, மெதுவாக. பதினாறு பேரில் அண்ணன் மூன்றாவதாக வந்தான். முதல் நாலு பேருக்கு அடுத்த சுற்று உண்டு. அம்மா போட்ட சத்தத்தில் ஜெயசீலன் சார் மாடி ஏறி வந்து, விஷயம் தெரிந்ததும் அவரும் கை தட்டினார். இங்கே என் அறைத் தோழிகள் எதற்கென்று தெரியாமலே குதித்தார்கள்.

பொட்டலத்தில் பாதிக்கு மேல் காலி. அடுத்த சுற்று இருபத்தாறாம் தேதி. அதற்குள் இன்னும் ஒரு கிலோ அனுப்பச் சொல்ல வேண்டும், நமுத்துப் போகாமல் நன்றாகக் கட்டி.